லெஸ்டரில் தீபாவளி, பாஸ்டனில் காலிஃபிளவர்

இங்கிலாந்தின் கிழக்கு மிட்லண்ட்ஸ் வட்டாரத்தில் இரண்டு ஊர்கள். லெஸ்டர் பெரிய நகரம். மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான மக்கள். பாஸ்டன், லிங்கன்ஷைரின் கடலோரச் சமவெளியில் இருக்கும் சந்தை ஊர். சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்தால் எழுபதாயிரம் பேர் தேறுவார்கள். நேர்கோட்டில் அளந்தால் இரண்டுக்கும் இடையே நூறு கிலோமீட்டர் கூட இல்லை. 2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா விலகுவதா என்று பிரிட்டன் வாக்களித்தபோது, பாஸ்டனில் 75.6 சதவீதம் பேர் விலகச் சொன்னார்கள். நாட்டிலேயே அதுதான் உச்சம். லெஸ்டரோ 51.1 சதவீதத்தோடு நீடிக்கும் பக்கம் நூலிழையில் நின்றது.

குடியேறிகள் மீதான கசப்புக்கு நிறமும் மதமும்தான் காரணம் என்று நம்புகிறவர்களை இந்த இரண்டு ஊர்களும் குழப்பும். பாஸ்டனுக்கு வந்தவர்கள் போலந்துக்காரர்கள், லித்துவேனியர்கள், லாட்வியர்கள். வெள்ளைத் தோல், பெரும்பாலும் கிறித்தவப் பெயர்கள், கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்கள். லெஸ்டருக்கு வந்தவர்கள் குஜராத்தி இந்துக்கள், முஸ்லிம்கள், சமணர்கள், பஞ்சாபிச் சீக்கியர்கள். 2021 கணக்கெடுப்பின்படி லெஸ்டரில் ஆசிய வம்சாவளியினர் 43.4 சதவீதம், வெள்ளையர் 40.9 சதவீதம். நிறக்கணக்கு சரியென்றால் கொதித்திருக்க வேண்டியது லெஸ்டர். பாஸ்டனில் யாரும் கண்டுகொண்டிருக்கவே கூடாது. நடந்தது நேர்மாறு.

இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. பெரிய நகரத்துக்குப் பழகிய கண், சிறிய ஊருக்கு மிரண்ட கண் என்பார்கள். கொஞ்சம் உண்மைதான். ஆனால் எனக்குப் படுவது வேறு. வந்தவர்கள் எந்த உரிமையோடு வந்தார்கள், அந்த ஊரின் அரசியல்வாதிகளுக்கு அவர்களுடைய வாக்கு தேவைப்பட்டதா என்ற கேள்விதான் இந்த இரண்டு ஊர்களையும் இரு திசையில் இழுத்தது.

லெஸ்டரின் கதையை 1972இல் தொடங்குவது வழக்கம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று உகாண்டாவின் இடி அமீன், நாட்டிலுள்ள ஆசியர்கள் தொண்ணூறு நாளில் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார். அவர்களில் பலரிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. பேரரசு கலைந்தபோது கொடுத்துவிட்டுப் போன காகிதம் அது. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1968இல், கென்யாவிலிருந்து இதே வகைப் பாஸ்போர்ட்டோடு ஆசியர்கள் வரத் தொடங்கியதும், லேபர் அரசாங்கம் மூன்றே நாளில் ஒரு சட்டத்தை நாடாளுமன்றத்தில் ஓட்டி வாசலைச் சுருக்கியிருந்தது. அடுத்த சில வாரங்களில்தான் கன்சர்வேடிவ் எம்.பி. ஏனோக் பவல் பர்மிங்ஹாமில் தன் பேர்பெற்ற வெறுப்புரையை ஆற்றினார். ஆனாலும் 1972இல் எட்வர்ட் ஹீத்தின் கன்சர்வேடிவ் அரசு, இவர்கள் நம் குடிமக்கள், சட்டப்படி நம் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டது. லண்டன் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தைத் தொழிலாளர்கள் எதிர்ப்பு ஊர்வலம் போனார்கள். செப்டம்பரில் முதல் விமானம் ஸ்டான்ஸ்டெட்டில் இறங்கியது. மொத்தம் ஏறத்தாழ 28,000 பேர் வந்து சேர்ந்தார்கள். கம்பாலாவில் கடையும் காரும் வைத்திருந்தவர்கள், ஐம்பது பவுண்டு சொச்சத்தோடு, குளிருக்குப் போதாத உடையில்.

லெஸ்டர் நகராட்சி அவர்களை வரவேற்கவில்லை. உகாண்டா ஆர்கஸ் என்ற கம்பாலா நாளிதழில் காசு கொடுத்து விளம்பரமே போட்டது: இங்கே வீட்டுக்குப் பல ஆயிரம் குடும்பங்கள் காத்திருக்கின்றன, பள்ளிகளில் இடமில்லை, உங்கள் நன்மைக்காகவே சொல்கிறோம், லெஸ்டருக்கு வராதீர்கள் என்ற பொருளில். லெஸ்டர் என்ற பெயரையே அதுவரை கேள்விப்படாத பலருக்கும் அந்த விளம்பரம்தான் ஊரை அறிமுகப்படுத்தியது என்று இன்றும் அங்கே சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மீள்குடியேற்ற வாரியம் லெஸ்டரைச் சிவப்புப் பகுதி என்று குறித்து, வேறு ஊர்களுக்குப் போகச் சொன்னது. சொந்தக்காரர்கள் ஏற்கெனவே இருந்த ஊர், பின்னலாடை ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் வேலை கிடைத்த ஊர். ஆகவே பல ஆயிரம் பேர் அங்கேயேதான் போனார்கள்.

போனவர்களுக்குக் கிடைத்த வேலை அவர்கள் செய்துகொண்டிருந்த வேலை இல்லை. கணக்கு எழுதியவர்களும் கடை நடத்தியவர்களும் தறிக்கும் அசெம்பிளி வரிசைக்கும் போனார்கள். 1974 மே மாதம் இம்பீரியல் டைப்ரைட்டர்ஸ் ஆலையில் ஆசியத் தொழிலாளர்கள் போனஸ் கணக்கில் தங்களை ஏய்ப்பதாகச் சொல்லி வெளிநடப்புச் செய்தார்கள். நாற்பது பேரில் தொடங்கியது சில நூறு பேராகப் பெருத்து மூன்று மாதம் ஓடியது. அவர்கள் சந்தா கட்டிய தொழிற்சங்கம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. வெள்ளைத் தொழிலாளர்கள் உள்ளே போய் வேலை பார்த்தார்கள். மறு ஆண்டே அமெரிக்க முதலாளிகள் ஆலையை மூடிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

1976 உள்ளாட்சித் தேர்தலில், ஆசியர்களைத் திருப்பி அனுப்பு என்று முழங்கிய நேஷனல் ஃப்ரண்ட் கட்சி லெஸ்டரில் 18 சதவீதத்துக்கும் மேல் வாக்கு வாங்கியது. ஒரு இடம் கூடக் கிடைக்கவில்லை. அதிக வாக்கு பெற்றவருக்கே முழு வெற்றி என்ற பிரிட்டிஷ் தேர்தல் முறை அதைத் தடுத்தது. இன்று லெஸ்டரைப் பல்லினத்தின் மாதிரி நகரம் என்று கொண்டாடுகிறவர்கள் இந்த ஆண்டைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். பாஸ்டன் 2016ஐ லெஸ்டர் 2016ஓடு வைத்துப் பார்ப்பது நியாயமான ஒப்பீடு அல்ல. வந்து சேர்ந்து நான்கே ஆண்டான லெஸ்டரை, பன்னிரண்டு ஆண்டான பாஸ்டனோடு பக்கத்தில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் கோபத்தின் அளவில் பெரிய வேறுபாடு தெரியாது. தேர்தல் முறை ஓர் ஊரின் கோபத்தை மறைத்தது; ஒரே கேள்வி கேட்ட பொதுவாக்கெடுப்பு மற்ற ஊரின் கோபத்தை அப்படியே கொட்டவைத்தது.

லெஸ்டரில் 1976க்குப் பிறகு என்ன மாறியது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு வந்த இன உறவுச் சட்டம், பாகுபாட்டை ஒழிக்கும் கடமையை உள்ளாட்சிகள் மீது வைத்தது. பல நகராட்சிகள் அதைக் கோப்பில் போட்டு மூடின. லெஸ்டர் லேபர் கட்சிக்காரர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். நல்ல மனம் திடீரென்று ஊறியது என்று நான் நினைக்கவில்லை. பெல்கிரேவ், ஸ்பின்னி ஹில் போன்ற வட்டாரங்களில் ஆசிய வாக்காளர்கள் குவிந்துவிட்டார்கள். குடிமக்கள் என்பதால் வந்த நாளிலிருந்தே அவர்களுக்கு வாக்குரிமை. அவர்களை விட்டுவிட்டு நகராட்சியைப் பிடிக்க முடியாது என்று கணக்குப் போட்டுப் பார்த்ததும் கட்சியின் குரல் மாறியது. ஆசியக் கவுன்சிலர்கள் வந்தார்கள். நகராட்சி வேலைகளில் ஆசியப் பெயர்கள் தென்பட்டன. நேற்றுவரை வராதே என்ற அதே நகராட்சி, கோவிலுக்கும் சமூகக் கூடத்துக்கும் இடம் தரத் தொடங்கியது. 1983 முதல் பெல்கிரேவ் ரோட்டில் தீபாவளி விளக்குகள் எரிகின்றன. 1987இல் லெஸ்டர் ஈஸ்ட் தொகுதி, ஏடனில் பிறந்த கோவா வம்சாவளியினரான கீத் வாஸை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

பெல்கிரேவ் ரோட்டைத் தங்க மைல் என்கிறார்கள். நகைக்கடைகளின் எண்ணிக்கைக்குப் பெயர் பொருந்துகிறது. 22 காரட் வளையல்கள் அடுக்கிய கண்ணாடிக்குப் பின்னால் குஜராத்தி பேசும் பாட்டியும் லெஸ்டர் வட்டார ஆங்கிலம் பேசும் பேத்தியும் விலை பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் புடவைக்கடை, அடுத்து சைவ உணவகம், ஃபர்சான் எனும் கார நொறுக்குகளும் விற்கும் இனிப்புக்கடை. இந்தியாவுக்கு வெளியே நடக்கும் மிகப் பெரிய தீபாவளிக் கொண்டாட்டங்களில் இந்தத் தெருவினுடையதும் ஒன்று. தடுப்பு வேலியருகே ஒழுங்காக நிற்கும் போலீஸ்காரருக்கும் யாராவது ஒரு பொட்டலம் ஜிலேபி நீட்டிவிடுவார்கள். 2012இல் இரண்டாம் எலிசபெத் தன் வைர விழாப் பயணத்தைத் தொடங்கத் தேர்ந்தெடுத்த ஊர் லெஸ்டர்தான். அரண்மனை எதையும் தற்செயலாகச் செய்வதில்லை.

பாஸ்டனுக்கு வருவோம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற பத்திரிகைக்காரர்கள் அதை உலகம் தெரியாத பட்டிக்காடுபோலச் சித்தரிப்பதில் எனக்கு எரிச்சல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கம்பளி ஏற்றுமதியில் நாட்டின் முன்னணித் துறைமுகங்களில் ஒன்று இது. பால்டிக் கடல் வணிகர்களான ஹன்சா கூட்டணிக்கு இங்கே கிடங்கு இருந்தது. ஸ்டம்ப் என்று ஊர்க்காரர்கள் அழைக்கும் செயின்ட் போட்டல்ஃப் தேவாலயக் கோபுரம் எண்பது மீட்டருக்கு மேல் எழுந்து நிற்பது அந்தக் கம்பளிப் பணத்தில்தான். 1607இல் மத அடக்குமுறைக்கு அஞ்சி ஹாலந்துக்குத் தப்ப முயன்ற, பிற்பாடு யாத்திரிகர்கள் என்று அழைக்கப்பட்ட பியூரிட்டன் பிரிவினர் சிலர் கப்பல்காரரால் காட்டிக்கொடுக்கப்பட்டு, இந்த ஊரின் கில்ட்ஹாலில்தான் அடைக்கப்பட்டார்கள். பிற்பாடு அமெரிக்காவில் ஒரு பாஸ்டன் எழுந்தபோது, இந்தத் தேவாலயத்தின் பாதிரியார் ஜான் காட்டன் அங்கே போய்ச் சேர்ந்தார். ஊரின் மருத்துவமனைக்குக் கூட யாத்திரிகர் மருத்துவமனை என்றுதான் பெயர். ஆட்கள் கிளம்பிப் போன கதையில் பெருமை கொள்ளும் ஊர், ஆட்கள் வந்து இறங்கிய கதையில் தடுமாறியது.

சுற்றிலும் சதுப்பு வடித்து எடுத்த வளமண். இங்கிலாந்தின் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், உருளைக்கிழங்குப் பெட்டகம் அது. இந்த மண்ணில் அறுவடைக்கு எப்போதும் வெளியாள்தான் வந்தார்கள்: முன்பு அயர்லாந்துக்காரர்கள், பிறகு மிட்லண்ட்ஸ் நகரங்களிலிருந்து வேனில் ஏற்றிவந்த பெண்கள், நூற்றாண்டு முடிகிற சமயத்தில் போர்த்துகீசியர்கள். 2004 மே 1 அன்று போலந்தும் பால்டிக் நாடுகளும் உட்படப் பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தங்கள் வேலைச்சந்தையை ஏழு ஆண்டு பூட்டி வைத்தன. பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் மூன்று மட்டும் முதல் நாளே திறந்தன. உள்துறைக்காகச் செய்யப்பட்ட ஆய்வு, ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் கூடுதலாக வரலாம் என்றது. மற்ற நாடுகளும் திறக்கும் என்ற ஊகத்தில் போட்ட கணக்கு அது. அந்த ஊகம் பொய்த்ததும் கணக்கும் பொய்த்தது. வந்தவர்கள் லட்சக்கணக்கில். பாஸ்டனின் மக்கள்தொகை 2001இல் 55,750. பத்து ஆண்டில் 64,600.

காலிஃபிளவர் வயலில் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் இந்த ஊரின் பிரச்சினை புரியும். விடியுமுன் நான்கு, ஐந்து மணிக்கு வேன் வந்து நிற்கும். ஆள் சேர்த்து அனுப்புகிற கேங்மாஸ்டர், நம் தேயிலைத் தோட்டக் கங்காணியின் பங்காளி. வேலையும் அவர் கையில், பல நேரம் தங்குமிடமும் வேனும் அவர் கையில், கூலியில் பிடித்தமும் அவர் கையில். வயலில் ஓர் இயந்திர மேடை ஆமை வேகத்தில் நகரும். முன்னால் குனிந்து நடப்பவர்கள் கத்தியால் பூவை வெட்டி, இலையைக் கழித்து மேலே வைப்பார்கள். மேடையில் நிற்பவர்கள் அங்கேயே எடை பார்த்து, பிளாஸ்டிக் சுற்றி, சூப்பர்மார்க்கெட்டின் ஸ்டிக்கர் ஒட்டிப் பெட்டியில் அடுக்குவார்கள். எத்தனை பெட்டி என்பதை முடிவு செய்வது வயல்காரர் அல்ல, சூப்பர்மார்க்கெட். காலையில் வரும் ஆர்டரைப் பொறுத்துப் பத்து மணிநேர வேலை இருக்கலாம், மூன்று மணிநேரத்தில் வீட்டுக்கும் அனுப்பலாம். லண்டனிலோ மான்செஸ்டரிலோ மலிவாகக் காலிஃபிளவர் வாங்குகிறவருக்கு இதன் பலன் போகிறது. நான்கு பேர் இருந்த வரிசை வீட்டில் பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு இருப்பதும், டாக்டரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருப்பதும், பள்ளியில் திடீரென்று ஆங்கிலம் தெரியாத இருபது பிள்ளைகள் வந்து உட்காருவதும் பாஸ்டனுக்கு.

இந்தச் சுமைக்கு லண்டன் கொடுத்த ஈடு மிகச் சொற்பம். 2009இல் லேபர் அரசு குடியேற்றத் தாக்க நிதி என்று ஒன்றைத் தொடங்கியது. மறு ஆண்டு வந்த கூட்டணி அரசு அதை ரத்து செய்தது. ஒதுக்கீடுகள் பழைய மக்கள்தொகைக் கணக்கை வைத்து வந்தன. கணக்கில் வராதவர்களுக்குப் பணம் ஏது? 2016இல் பாலிசி எக்ஸ்சேஞ்ச் என்ற ஆய்வமைப்பு நாட்டிலேயே இணக்கம் மிகக் குறைந்த ஊர் என்று பாஸ்டனைப் பட்டியலின் அடியில் வைத்தது. ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் போலிஷ் ரொட்டிக்கடையும் லித்துவேனிய மளிகையும் வராவிட்டால் பாதிக் கடைகள் பலகை அடித்துக் கிடந்திருக்கும் என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டு பேச்சும் ஒரே தெருவில்தான் கேட்கும்.

ஆனால் நான் சுட்டிக்காட்ட விரும்புவது வாக்குச்சீட்டை. பிரிட்டிஷ் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு விசித்திரம் உண்டு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் பிரிட்டனில் சட்டப்படி வசித்தாலே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ போன செப்டம்பரில் போய் இறங்கிய மாணவருக்கும் அந்த உரிமை உண்டு. பாஸ்டனில் பத்து ஆண்டு முட்டைக்கோஸ் வெட்டி, வரி கட்டி, பிள்ளை பெற்று, வீடு வாங்கிய போலந்துக்காரருக்கு இல்லை. உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், அவ்வளவுதான். அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் தவிர்த்த ஐரோப்பியர்கள் யாரும் 2016 பொதுவாக்கெடுப்பிலும் வாக்களிக்க முடியவில்லை. அவர்கள் அந்த ஊரில் இருப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு அவர்களைத் தவிர எல்லோரும் பதில் சொன்னார்கள்.

இதன் விளைவைப் பாஸ்டனின் அரசியலில் பார்க்கலாம். எந்த எம்.பி.க்கும் லித்துவேனியர்களின் வாசலில் போய் நிற்கத் தேவையில்லை. அவர்களைப் பற்றிப் பேசினால் வாக்கு கிடைக்கும். அவர்களோடு பேசினால் எதுவும் கிடைக்காது. லெஸ்டரில் 1970களின் இறுதியில் கட்சிகளைத் திருப்பிய அந்தக் கணக்கு பாஸ்டனில் போடப்படவே இல்லை. வந்தவர்களும் அதற்கேற்ப நடந்துகொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று வந்தவர்கள் அதிகம். இரண்டரை மணிநேர விமானத்தில் வில்னியஸ் போய்விடலாம் என்றிருக்கும்போது பாஸ்டன் நகராட்சிக்குள் நுழைய ஏன் மெனக்கெட வேண்டும்? கம்பாலாவிலிருந்து வந்தவர்களுக்குத் திரும்பிப் போக வீடில்லை. அவர்கள் லெஸ்டரில் வேர்விட்டே ஆக வேண்டியிருந்தது.

தேசிய அடையாளம் என்ற பெரிய பேச்சு இந்த இடத்தில்தான் நுழைகிறது. இங்கிலாந்தில் பிரிட்டிஷ் என்பது ஒரு கதவு, இங்கிலிஷ் என்பது இன்னொரு கதவு. முதலாவது பேரரசு தைத்த அகலமான சட்டை. ஸ்காட்லாந்துக்காரரும் வேல்ஸ்காரரும் வங்காளியும் ஜமைக்காக்காரரும் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது பிறப்பையும் ஊரையும் சேர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். லெஸ்டரில் பிறந்த குஜராத்திப் பிள்ளைகள் தங்களைத் தயங்காமல் பிரிட்டிஷ் என்பார்கள். இங்கிலிஷ் என்று சொல்லக் கொஞ்சம் யோசிப்பார்கள். பாஸ்டன் வீட்டு ஜன்னல்களில் தொங்குவது செயின்ட் ஜார்ஜின் சிவப்புச் சிலுவைக் கொடி, இங்கிலாந்தின் கொடி. 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 57.7 சதவீதம் பேர் தங்களை இங்கிலிஷ் மட்டும் என்று குறித்தார்கள். 2021இல் அது 14.9 சதவீதமாகச் சரிந்தது. பிரிட்டிஷ் மட்டும் என்றவர்கள் 19.1இலிருந்து 54.8 சதவீதமாக எகிறினார்கள். அடையாளப் புரட்சி என்று துள்ளுவதற்கு முன் ஒரு சின்னச் செய்தி: 2021 படிவத்தில் பிரிட்டிஷ் என்ற கட்டத்தை முதலிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். உயிரைக் கொடுப்பதாகச் சொல்லப்படும் அடையாளம், படிவத்தில் கட்டம் இடம் மாறினால் தானும் மாறுகிறது என்றால் அதில் பாதி பழக்கம்தான் என்று தோன்றுகிறது.

இருந்தாலும் மனப்பான்மை நகர்ந்திருக்கிறது. பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வில், உண்மையான பிரிட்டிஷ்காரராக இருக்க பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும் என்றவர்கள் 2013இல் 74 சதவீதம், 2023இல் 55. இந்தப் பத்து ஆண்டுகளில்தான் பிரெக்ஸிட்டும் வந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். இதற்கிடையே, கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்த இந்தியப் பெற்றோரின் மகன் ரிஷி சுனக் 2022இல் தீபாவளி நாளன்று கட்சித் தலைவராகி, மறுநாள் பிரதமரானார். 2025 தொடக்கத்தில், சவுத்தாம்ப்டனில் பிறந்த அவர் இங்கிலிஷ்காரரா என்று ஒரு தர்க்கம் வெடித்தது. தான் இங்கிலிஷ் அல்ல, பிரிட்டிஷ் ஆசியர் என்று அதற்கு எழுதியவர் சுவெல்லா பிரேவர்மன். அவருடைய தாய் மொரிஷியஸ் தமிழ் வம்சாவளியினர், தந்தை கென்யாவிலிருந்து வந்த கோவாக்காரர். உள்துறை அமைச்சராக இருந்தபோது பன்மைப் பண்பாடு தோற்றுவிட்டது என்று வாஷிங்டனில் முழங்கியவரும் அவரே. உள்ளே வந்தவர் கதவைச் சாத்துவது பற்றி நம்மவர்கள் நிறையக் கிண்டலடித்துவிட்டார்கள். நான் சேர்க்க ஒன்றுமில்லை. அந்தக் கதவை யார் சாத்துகிறார் என்பதை விட, சாத்தினால் வாக்கு கிடைக்கும் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

லெஸ்டரை வெள்ளை பூசிக் காட்டினால் என் வாதமே கெட்டுவிடும். உகாண்டாவிலிருந்து வந்தவர்களில் பலர் வணிகக் குடும்பத்தினர், ஆங்கிலம் படித்தவர்கள், கணக்கு எழுதத் தெரிந்தவர்கள். வயலில் கத்தி பிடிக்க வந்தவர்களோடு அவர்களை ஒப்பிடும்போது இந்தத் தொடக்க அனுகூலத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். நகரின் மேற்கே பிரான்ஸ்டன் போன்ற பழைய நகராட்சிக் குடியிருப்புகளில் வெள்ளைத் தொழிலாளி வர்க்கம், கிழக்கே ஆசியர்கள் என்ற பிரிவினை கலையவில்லை. சில தையல் பட்டறைகளில் சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலியில் பாதியைக் கொடுத்து வேலை வாங்கியதும் இதே நகரத்தில்தான். முதலாளியும் தொழிலாளியும் பெரும்பாலும் ஆசியர்கள். 2022 ஆகஸ்ட் 28 அன்று துபாயில் இந்தியா பாகிஸ்தானை வென்ற ஆசியக் கோப்பை ஆட்டத்துக்குப் பிறகு தெருவில் தொடங்கிய சண்டை, செப்டம்பர் 17 அன்று இந்து, முஸ்லிம் இளைஞர் கூட்டங்கள் நேருக்கு நேர் மோதும் அளவுக்குப் போனது. வாட்ஸப் வதந்தி எண்ணெய் ஊற்றியது. துணைக்கண்டத்தின் அரசியல் அங்கே இறக்குமதியானது உண்மை.

அந்தச் சண்டையில் டாமன், டையூவிலிருந்து அண்மையில் வந்தவர்கள்மீதும் பழி விழுந்தது. இவர்கள் கதை இரண்டு ஊர்களையும் இணைக்கும் கண்ணி. 1961வரை போர்த்துகீசியர் ஆண்ட பகுதி என்பதால் அங்கே பிறந்தவர்களும் பிள்ளைகளும் போர்த்துகீசிய பாஸ்போர்ட் பெற வழி இருந்தது. அதைக் காட்டி ஐரோப்பியக் குடிமக்களாக லெஸ்டருக்கு வந்தார்கள். தோலில் குஜராத்தி, தாளில் போர்த்துகீசியர். நாடாளுமன்ற வாக்கு இல்லை. கிடங்கிலும் தையல் பட்டறையிலும் வேலை, நெருக்கடியான வாடகை வீடு. சட்டப்படி இவர்கள் பாஸ்டனின் லித்துவேனியருக்குச் சகோதரர்கள். ஐம்பது ஆண்டாக வேரூன்றிய லெஸ்டர் ஆசியர்களில் சிலர் இவர்களைப் பற்றிப் பேசிய பேச்சைக் கேட்டால், 1972இல் லெஸ்டர் வெள்ளையர் பேசியதன் குஜராத்திப் பதிப்பு என்று தோன்றும். 2016இல் லெஸ்டரில் விலகச் சொன்ன 49 சதவீதத்தில் ஆசியர்களும் கணிசமாக இருந்தார்கள். கிழக்கு ஐரோப்பியருக்குக் கதவைத் திறந்துவிட்டு நம் சமையல்காரர்களுக்கு விசா மறுக்கிறார்களே என்று கன்சர்வேடிவ் அமைச்சர் பிரீதி படேல் பிரச்சாரம் செய்தது எடுபட்டது.

அரசியல் எவ்வளவு தூரம் வாக்கைப் பார்த்து நகர்கிறது என்பதற்கு லெஸ்டர் ஈஸ்ட் 2024 நல்ல சான்று. லேபர் அலை நாடு முழுவதும் அடித்த அந்தத் தேர்தலில், கன்சர்வேடிவ் கட்சி புதிதாகப் பிடித்த ஒரே தொகுதி அதுதான். வென்ற ஷிவானி ராஜா பகவத் கீதையின் மீது உறுதிமொழி எடுத்தார். அதே தேர்தலில் பாஸ்டன், ஸ்கெக்னஸ் தொகுதி ரிஃபார்ம் யுகே கட்சியின் ரிச்சர்ட் டைஸை அனுப்பியது. மறு ஆண்டு லிங்கன்ஷைர் மாவட்ட மன்றமே அந்தக் கட்சிக்குப் போனது. ஓர் ஊரில் குடியேறிகளின் பிள்ளைகளுக்காக இரு பெரிய கட்சிகளும் அடித்துக்கொள்கின்றன. மற்ற ஊரில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசுவதில் போட்டி.

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பாஸ்டன் வயல்களில் காலிஃபிளவர் வெட்டுவது நிற்கவில்லை. 2019இல் 2,500 பேருக்குச் சோதனையாகத் தொடங்கிய பருவகாலத் தொழிலாளர் விசாவின் ஆண்டு ஒதுக்கீடு சில ஆண்டிலேயே நாற்பதாயிரத்தைத் தாண்டியது. இப்போது வேனில் ஏறுகிறவர்கள் கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தானிலிருந்து வருகிறார்கள். ஆறு மாதம் தங்கலாம். குடும்பத்தை அழைத்துவர முடியாது, நிரந்தர வாசத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. ஊருக்குள் கலக்கவில்லை என்று லித்துவேனியரைக் குறைசொல்லிப் பெற்ற வெற்றி, கலக்கவே சட்டம் அனுமதிக்காதவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. முன்பே வந்த ஐரோப்பியர்களில் வேரூன்ற முடிவு செய்தவர்கள், 2021 ஜூன் கெடுவுக்குள் குடியமர்வு நிலைக்கு விண்ணப்பித்தார்கள். நாடெங்கும் ஆறு மில்லியனுக்கு மேல் விண்ணப்பங்கள். அதிலிருந்து குடியுரிமைக்குப் போக ஒருவருக்கு 1,600 பவுண்டுக்கு மேல் கட்டணம். காய்கறி பொதியும் கூடத்தில் வேலை பார்க்கும் கணவன் மனைவிக்கு அது பல மாதச் சேமிப்பு. 1972இல் ஸ்டான்ஸ்டெட்டில் இறங்கியவர்கள் கையில் அந்தத் தாள் ஏற்கெனவே இருந்தது.

நிகரக் குடியேற்றம் 2023 மத்தியில் முடிந்த ஓராண்டில் ஒன்பது லட்சத்தைத் தாண்டிய பிறகு, 2025 மே மாதம் பிரதமர் ஸ்டார்மர், நாடு அந்நியர்களின் தீவாகிவிடும் ஆபத்து இருக்கிறது என்று பேசி, பிறகு அந்தச் சொல்லாட்சிக்கு வருத்தமும் தெரிவித்தார். வருத்தம் பேச்சுக்குத்தான், அன்று வெளியிட்ட வெள்ளை அறிக்கைக்கு இல்லை. நிரந்தர வாசம் கேட்க ஐந்து ஆண்டு காத்திருப்பதைப் பத்தாக்குவது அதன் முக்கிய யோசனை. செப்டம்பரில் ரிஃபார்ம் கட்சி ஒரு படி மேலே போய், நிரந்தர வாசம் என்பதையே ஒழித்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் விசா கொண்டுவருவோம் என்றது. லெஸ்டரைப் பற்றிப் பெருமையாகப் பேசும் கட்சியும் பாஸ்டனின் கோபத்தில் வளர்ந்த கட்சியும், இனி வருகிறவர்களைப் பாஸ்டன் முறையிலேயே வைத்திருப்பது என்பதில் ஒத்துப்போகின்றன. தகராறு எத்தனை ஆண்டு என்பதில் மட்டும்தான்.